ஒற்றைப் பக்கத் தெரு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் எங்கள் அளவில் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கே முதுகுவலி வந்தால் டாக்டரிடம் படியேறிப் போக வேண்டியதுதான் என்று அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கண் இன்னும் மங்கிவிட்டது. எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, யாரென்று தெரிவதில்லை. டாக்டரும் கைவிரித்துவிட்டார். உன் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டுகிறேன். நீ எழுதாத மாதங்களில் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, கொஞ்சம் கைச்சரக்கு சேர்த்துப் படித்துவிடுவேன். போன வருஷம் உனக்குத் தெரியாமலே நீ நீச்சல் கற்றுக்கொண்டாய். எனக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இனிமேல் தனித்தாளில் எழுது. ஃபோன் கூடத்தில் இருக்கிறது, அம்மாவும் கூடத்திலேயே இருக்கிறாள்.

நகராட்சியில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். பழைய நகரத்தின் தெருக்களுக்கும் கட்டிடங்களுக்கும் வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். வாசகம் எழுதுவது நான், வெட்டுவது பாதுகாப்புக் குழு. தோல் பதனிடுகிறவர்கள் இருந்ததால் மூக்குப்பிடிச் சந்து என்று பெயர் வந்ததை எழுதினேன். "இதைப் படிச்சிட்டு யாரும்மா அங்க உட்காந்து காப்பி குடிப்பாங்க?" என்று தலைவர் கேட்டார். கோர்ட்டுக்குப் பின்னால் கூலிச் சாட்சிகள் காத்திருந்த பொய்ச்சாட்சி முக்கை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "தானியக் கிடங்குக்கும் பலகை உண்டாடீ?" என்றாள். உண்டு என்றேன். அவ்வளவுதான், எனக்கு ஒன்றும் தெரியாததுபோல் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனை அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தபோதே சீருடைக்காரர்கள் கூட்டிப் போனது. கிடங்கு வாசலில் போய் அவள் கேட்டபோது அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொன்னது. ஆனாலும் காவல்காரன் தினமும் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போய், காலி செய்து திருப்பிக் கொடுத்தது. ஒருநாள் தூக்கு நிரம்பியபடியே திரும்பி வந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் அண்ணன் செத்துப்போனான் என்று ஒருதடவைகூடச் சொன்னதில்லை. "அன்னிக்கு அவன் சாப்பிடலை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்: "பெரியவன் அங்க இருந்தான்னு ஒரு வரி போடு. வேற எதுவும் வேணாம். இல்லவே இல்லைன்னு சொன்னாங்கல்ல, இருந்தான்னு ஒரு வரி."

சரி என்றுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதுகு பரவாயில்லை. அம்மாவுக்குப் படிக்க வேண்டியதைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நீச்சலைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், உன் மானத்தைக் காப்பாற்ற.

இது உனக்கு. அக்கா, எதற்கு இந்த வம்பு? ஆட்சி மாறிவிட்டது, ஆட்கள் மாறவில்லை. குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களில் யாருடைய அப்பா அந்த வாசலில் காவலுக்கு நின்றாரோ. உனக்கு இருப்பது ஒரே வேலை. நீதான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாய். நான் வேறு நாட்டில் இருந்துகொண்டு சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். ஆமாம், சுலபமாகத்தான் சொல்கிறேன்.

இங்கே அண்ணனைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஒரு அக்கா என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க மனசு சரியாக இருக்காது.

அம்மாவின் கண்ணுக்கு வேறு டாக்டர் யாராவது இருந்தால் காட்டு.

தம்பி

*

மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் நலமாக இருப்பாய். இங்கே அம்மாவுக்குச் சளி பிடித்து விட்டது. நீ நீந்திய ஏரி எவ்வளவு ஆழம் என்று கேட்டு என் உயிரை வாங்குகிறாள்.

நீ சொல்வது புரிகிறது. ஆனால் கேள். போன வாரம் கட்டிடக்கலை நிபுணர் ஒருவரை அழைத்துக்கொண்டு குழு முழுவதும் நம் ஒற்றைப் பக்கத் தெருவுக்கு வந்தது. உனக்கு நினைவிருக்கும், கிடங்குக்கு எதிர்ப்பக்க நடைபாதைக் கற்கள் தேய்ந்து குழிந்திருக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். கிடங்குப் பக்கம் கற்கள் விளிம்பு மழுங்காமல் அப்படியே இருக்கும். நிபுணர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் பின்னாடி போட்டது. பழசே இல்லை. பேத்துட்டுப் புதுசு போடலாம்" என்றார். தெருவின் பெயரையும் ஒரே மூச்சில் விளக்கிவிட்டார்: ஒரு காலத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் வீடுகள் இருந்திருக்குமாம்.

இரண்டு பக்கக் கல்லும் ஒரே நாளில் போட்டது, தம்பி. அண்ணனைக் கொண்டுபோன பிறகு கிடங்கின் சுவரை ஒட்டி நடக்க யாருக்கும் கால் வரவில்லை. பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தபால்காரர் எல்லோரும் முனையிலேயே எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார்கள். ஆட்சி மாறிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எதற்கென்று தெரியாத சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் போகிறார்கள். பெயரே அதனால் வந்ததுதானே?

இதை நிபுணரிடம் சொன்னேன். "வரலாறு வேற, வதந்தி வேற மேடம். ஆதாரம் இருக்கா?" என்றார். கல்தான் ஆதாரம் என்றேன். "அதைத்தான் எடுக்கப் போறோமே" என்று தலைவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு எழுதினேன். "ஆட்சி மாறும்வரை இந்தக் கிடங்கில் ஆட்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். பலர் வீடு திரும்பவில்லை. அவர்களில் அச்சகத்தில் எழுத்துக் கோத்த ஒருவரும் இருந்தார். மக்கள் இந்தப் பக்கம் நடக்காததால் தெருவுக்கு இப்பெயர் வந்தது." அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "இருந்தார்னு மரியாதையா போட்டிருக்கே. நல்லாருக்கு" என்றாள்.

குழுவுக்கு அனுப்பிவிட்டேன். என்ன ஆகிறதோ பார்ப்போம்.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் சளி விட்டதா? இங்கே குளிர் குறைந்துவிட்டது.

நீ எழுதிய வாசகத்தைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நேற்று ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே, "வெளியில யாராவது இருக்கீங்களா? நான் இங்க இருக்கேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வேலை செய்கிறவர் முதுகுவலி என்று நினைத்துத் தைலம் கொடுத்தார்.

முன்பு எழுதியதை மறந்துவிடு. அந்த வரி இருக்கட்டும் அக்கா. வெட்ட விடாதே. எப்போது வைக்கிறார்கள் என்று உடனே எழுது.

தம்பி

*

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குச் சளி போய் இருமல் வந்தது. இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பலகைகள் எல்லாம் வைத்தாகிவிட்டது. மூக்குப்பிடிச் சந்துக்கு என்ன எழுதினார்கள் தெரியுமா, மலர்களின் வாசனையில் மயங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டார்களாம். வாசனையில் மயங்குகிறவன் எதற்கு மூக்கைப் பிடிக்கிறான் என்று கேட்க ஆளில்லை. நம் தெருவில் கிடங்குப் பக்கக் கற்களைப் பேர்த்து, பளபளவென்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கிடங்கு விடுதியாகிறது, வெள்ளையடித்துவிட்டார்கள்.

அம்மாவைக் கூட்டிப் போனேன். முதல் தடவையாக அந்தப் பக்கம் நடந்தாள். பலகையைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் திருப்திதான்.

வேறு விசேஷம் இல்லை. முதுகுக்குத் தைலம் போடு.

அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று வேலைக்குப் போகவில்லை. அறையில் இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்தேன். சாயங்காலம் கூட வேலை செய்கிறவர் என்ன ஏது என்று பார்க்க வந்தார். தைலம் கொடுத்தாரே, அவர்தான். அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்: எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், அவன் இருந்ததை இப்போது பலகையில் எழுதிவிட்டார்கள், எழுதியது என் அக்கா. அந்தப் பலகை எந்த ஊரில் இருக்கிறது என்று அவர் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

அடுத்த மாதம் அவர் சுற்றுலா போகிறார். வழியில் நம் ஊரிலும் இறங்குகிறாராம். பலகையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

அம்மாவை இறுகக் கட்டிக்கொள், என் பேரைச் சொல்லி. இருமல் எப்படி இருக்கிறது?

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நலம். போட்டோவெல்லாம் எதற்கு? அந்தப் பலகையில் வெயில் நேராக அடிக்கிறது, எடுத்தாலும் எழுத்து தெரியாது. விடுதி வேலை நடக்கிறது, முன்னால் சாரம் கட்டியிருக்கிறார்கள். அந்த மனிதரை வீணாக அலைய வைக்காதே. வேண்டுமானால் நான் உனக்கு அழகாக எழுதி அனுப்புகிறேன்.

அம்மாவுக்குப் பரவாயில்லை.

அக்கா

*

செப்டம்பர் 4

அக்காவுக்கு,

போட்டோ வந்துவிட்டது. வெயிலும் இல்லை, சாரமும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது.

"ஒற்றைப் பக்கத் தெரு. ஒரு காலத்தில் ஒரு பக்கம் மட்டுமே வீடுகள் இருந்ததால் இப்பெயர் பெற்றது. இங்குள்ள தானியக் கிடங்கு ஆயிரக்கணக்கான மூட்டைகளைப் பாதுகாக்கும் வகையில் தடித்த சுவர்களுடன் கட்டப்பட்டது. பின்னர் சில காலம் அரசுப் பயன்பாட்டில் இருந்தது. தற்போது விடுதி."

கீழே, வாசகம் என்று போட்டு உன் பதவியும் இருக்கிறது.

அவர் போட்டோவை என்னிடம் கொடுத்துவிட்டு, "உங்க மொழி எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல எது உன் அண்ணனோட வரி?" என்று கேட்டார். நான் விரல் வைக்க இடம் தேடினேன் அக்கா.

வெட்டிவிட்டார்கள் என்றால் வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கலாமே. எனக்குக் கண் மங்கவில்லை. அம்மாவிடம் என்ன படித்தாய்? அதை மட்டும் எழுது.

தம்பி

*

செப்டம்பர் 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன், நன்றாக இரு.

விடுதி நடத்தப் போகிறவர் குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "வர்றவங்க நிம்மதியா தூங்க வேணாமா?" என்றார். தலைவர் என் தாளில் பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டார். சண்டை போட்டேன். வாசகம் பிடிக்கவில்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான், அம்மாவின் மருந்து இந்த வேலையில்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் அன்று காலையிலேயே தலைவாரி, நல்ல சேலை உடுத்தி, செருப்பைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிடங்கு முனை வந்ததும் பழைய பழக்கத்தில் நான் எதிர்ப்பக்கம் திரும்பினேன். அவள் என் கையை இழுத்தாள். "இந்தப் பக்கமே போலாம். இனிமே என்ன பயம்?" என்றாள்.

பலகை முன்னால் நிறுத்தினேன். படி என்றாள். படித்தேன், தம்பி. நான் எழுதியதை அப்படியே படித்தேன். அவள் கையை நீட்டி, "எந்த வரிடீ அது? என் விரலை அதுல வை" என்றாள்.

அரசுப் பயன்பாட்டில் இருந்தது என்ற வரியில் வைத்தேன். அண்ணன் இருந்தால் அந்த வரிக்குள்தான் இருக்க வேண்டும். அவள் அதைத் தடவிக்கொண்டே, "எழுத்து ரொம்பச் சின்னதா போட்டுட்டாங்க" என்றாள்.

நீ கேட்டது இவ்வளவுதான். ஆனால் இதோடு நிற்கவில்லை. அம்மா தையல்காரர் மனைவிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தத் தையல்காரரையும் அண்ணனைப் போலவே அதே மாதம்தான் கொண்டுபோனார்கள். மறுவாரம் அந்த அம்மா வந்துவிட்டது. அதற்குக் கண்ணாடி கூட வேண்டாம், ஊசியில் நூல் கோக்கிற கண். பலகையை மேலிருந்து கீழே பார்த்தது. என்னைப் பார்த்தது.  அம்மா, "படிடீ, அவளும் கேக்கட்டும்" என்றாள்.

படித்தேன். பலர் வீடு திரும்பவில்லை என்ற இடத்தில் நிறுத்தினேன். தையல்காரர் மனைவி பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, போட்டிருக்கு. தையல்காரர் ஒருத்தரும் இருந்தார்னு அதுக்குக் கீழயே போட்டிருக்கு பாரு, அதையும் படி" என்றாள்.

அதையும் படித்தேன்.

இப்போது வாரா வாரம் வருகிறார்கள். பஸ் டிரைவரின் தங்கை வருகிறாள், நர்ஸ் ஒருத்தியின் அப்பா வருகிறார். எல்லோருக்கும் கண் தெரிகிறது. புதுக்கற்களின் மேல் நின்றுகொண்டு, நான் படிப்பதைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஊரையே ஏமாற்றுகிறேன் என்று நினைத்தால் திட்டி எழுது. எதுவும் எழுதாமல் மட்டும் இருக்காதே. அம்மாவுக்கு இருமல் நெஞ்சில் இறங்கியிருக்கிறது.

அக்கா

*

நவம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதவில்லை. ஃபோன் செய்தேன், வீடு மாறிவிட்டாய் என்றார்கள். இந்தக் கடிதத்தை நீ வேலை செய்யும் இடத்துக்கு அனுப்புகிறேன்.

அம்மா போன வாரம் போய்விட்டாள். கடைசி நாட்களில் தினமும் உன் கடிதம் வந்ததா என்று கேட்டாள். வராத கடிதத்தை எத்தனை நாள் வரவில்லை என்று சொல்வது? பழைய கடிதத்தை எடுத்துப் பிரித்து, உன் பேரில் படித்தேன். நீ நலம், முதுகுவலி விட்டுவிட்டது, அண்ணன் வரியைப் பார்க்க ஊருக்கு வருகிறாய் என்று படித்தேன்.

"வந்ததும் அந்தப் பக்கமாவே கூட்டிட்டுப் போ" என்றாள். அப்புறம் பேச்சு இல்லை. எனக்கு அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. கடைசிவரை ஒரு உண்மையையும் அவளிடம் நான் சொல்லவில்லை என்ற நினைப்புதான் என்னை விடவே இல்லை.

தையல்காரர் மனைவிதான் கூடவே இருந்தாள். அடுத்த வாரம் படிக்க வருவாயா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். யாருக்காகப் படிப்பது?

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

அக்கா

*

டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை செய்யும் இடத்தில் கொடுத்தார்கள். படித்தேன். செப்டம்பர் கடிதமும் வந்திருந்தது. உன்மேல் இருந்த கோபத்தில் பிரிக்காமலே வைத்திருந்தேன். இரண்டையும் ஒன்றாகப் படிக்கும்படி ஆகிவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் அது என் மேஜையிலேயே கிடந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் வருகிறேன் என்று நீ படித்தாய் அல்லவா? வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் அங்கே இருப்பேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கிடங்குப் பக்கமாகவே நடந்து வருகிறேன், பலகை முன்னால் நில். தையல்காரர் மனைவியையும் மற்றவர்களையும் வரச் சொல்.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இருந்தாலும் நீ படி அக்கா, நான் கேட்கிறேன்.

தம்பி